கைபிடி இல்லாத கண்ணாடி

இந்த ஊர்ச் சனம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டபடியே துவக்குக்காரரைக் கடந்து போகிறது. பலெர்மோவுக்கு வந்து நான்கு வருடம் முடிந்தும் எனக்கு இது பழகவில்லை. நான் வேலைக்கு நடந்து போகும் வழியில் ஒரு நீதிபதி குடியிருக்கும் மாடிவீடு இருக்கிறது. அவரைக் கொல்ல ஆட்கள் திரிகிறார்களாம். அதனால் வாசலில் மண்மூட்டை அடுக்கி, இராணுவப் பொடியன்கள் நாலு பேர் எந்நேரமும் துவக்கோடு காவல் நிற்கிறார்கள். மண்மூட்டை கண்ணில் பட்டதும் என் நடை தானாகக் குறையும். பெர்மெசோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதிக் கடதாசி, சட்டைப்பையில் கிடக்கிறதா என்று கை தடவிப் பார்க்கும். ஆனால் வீதியில் போகிறவர்களைப் பாருங்கள். ஒருத்தி கண்ணாடியைச் சாத்திக்கொண்டு உதட்டுக்குச் சாயம் பூசியபடி போகிறாள். ஒருவன் பாட்டுக்குத் தாளம் போடுகிறான். ஒருவரும் வேகத்தைக் குறைப்பதில்லை. காவல் நிற்கும் பொடியனும் அதைப் பற்றிக் கவலையில்லாமல் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறான். மன்னாரில், தாழ்வுபாட்டிலும் பேசாலையிலும் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் நான் புளுகுகிறேன் என்றே நினைப்பீர்கள். நினையுங்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் வேலை செய்வது துரி என்பவருடைய ஒஃபிசீனாவில். எங்கள் பேச்சில் கராஜ். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருத்தி ஓடவைப்பது அவருடைய தொழில். அறுபது வயது, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சத்தம். வேலை தெரிந்த மனிதர், மாஸ்த்ரு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆனால் மூன்று வருடமாக என்னைக் கடதாசி ஒன்றும் இல்லாமலே வைத்திருந்தார். எனக்கு வேண்டியது கொந்த்ராத்தோ, முதலாளி கையெழுத்து வைத்த வேலை ஒப்பந்தம். அது கையில் இருந்தால்தான் மன்னாரில் இருந்த மனைவி ஜெசிந்தாவையும் மகள் அனுஷாவையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நான் புறப்பட்டபோது அனுஷா எட்டு மாதக் குழந்தை. அந்த நாட்களில் தொலைபேசியில் பேசக் கொடுத்தால், "என்னெண்டு சொல்ல?" என்று முதலில் தாயைக் கேட்பாள். "அப்பா எண்டு சொல்லு" என்று ஜெசிந்தா சொல்லிக் கொடுப்பது எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வரும். கடதாசியைப் பற்றித் துரியிடம் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "தொமானி." நாளைக்கு. அப்படி எத்தனையோ நாளைகளை நான் பார்த்துவிட்டேன்.

அந்த வருடம் வெயில் தொடங்கும் நேரத்தில் தொத்தோரேயின் கார் வந்தது. தொத்தோரே என்றால் டொக்டர். ஓய்வு பெற்றவர், மெலிந்த உருவம், மெதுவான பேச்சு. கார் எழுபதுகளில் செய்தது. இரண்டு கதவு, இரண்டு ஆசனம், ஒலிவ் காய் நிறம், நீளமான மூக்கு. உள்ளே ஏறுவதென்றால் நிலத்தில் குந்துகிற மாதிரிக் குந்தவேண்டும். செய்தபோதே ஏசி வைத்துச் செய்த கார். ஆனால் அது செத்துப் பதினைந்து வருடமாகியிருந்தது. போன இடமெல்லாம் "கண்ணாடியைத் திறந்துகொண்டு ஓடுங்கள்" என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அவருக்கு இருதயம் பலவீனம், வெக்கையில் போகக்கூடாது. குளிர் வராவிட்டால் மகன் காரை விற்றுவிடுவானாம். அதைச் சொல்லும்போது தொத்தோரே காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

துரிக்கு எஞ்சின் தெரியும், குளிர் தெரியாது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேசியது சிசிலிப் பேச்சு. எனக்கு அது காதுக்குள் வரும்போதே மன்னார்ப் பேச்சாகிவிடும், அப்படியே எழுதுகிறேன். "அந்தோ, நீ உங்கட ஊரில ஏசி வேலை செய்தனி எண்டு சொன்னாய்தானே? எங்கட ஊர்ப் புனிதையின்ர திருவிழாவுக்கு முதல் இதுக்குள்ள குளிர் வந்தால் நான் கையெழுத்து வைக்கிறன். இவனைப்போல வேலைக்காரன் இஞ்ச இல்லையெண்டு தொழில் கந்தோரில சொல்லலாம். வராட்டில் பிறகு என்னட்டக் கடதாசி கேக்காதை."

திருவிழாவுக்கு ஆறு கிழமை இருந்தது. ஓம் என்றேன்.

நான் குளிர்வேலை பழகியது மன்னாரில், மீனுக்கு ஐஸ் அடிக்கும் கொம்பனியில். சண்டை தொடங்கி, கடலுக்குப் போகத் தடை வந்து, மீனும் ஐஸும் இல்லாமல் போனபிறகு பட்டினத்தில் ஒரு கராஜில் சேர்ந்தேன். சாமான் வராத காலம். ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றினால் தேங்காயெண்ணெய் பூசித் திரும்ப அதையே போடுவோம். பற்றறிக்குத் தடை, பெற்றோலுக்குப் பாஸ், சவர்க்காரத்துக்குக்கூடக் கணக்குக் காட்டவேண்டும். ஏசிக்கு அடிக்கும் கேஸ் எப்போதாவது கொழும்பிலிருந்து ஒரு போத்தல் ஒளித்து வரும். இங்கே வந்து பார்த்தால் அதே கேஸை ஐரோப்பாவில் தடை செய்துவிட்டார்கள். அது மேலே போய் வானத்தில் ஓட்டை போடுகிறதாம். தடைசெய்யப்பட்ட பொருள் என்று துரி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். விளக்கப்போனால் வேலை நின்றுவிடும் என்று ஸ்பானரை எடுத்தேன்.

புதுக் கேஸ் பழைய சாமான்களோடு ஒத்துப்போகாது. கொம்பிரசரைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடித்து, வேறு எண்ணெய் விட்டேன். காய்ந்து வெடித்த ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு மூட்டிலும் புது வளையம். கழற்றிய வளையங்களை எறிய மனம் வரவில்லை, ஒரு ரின்னில் போட்டு வைத்தேன். துரி அதைக் கண்டு, "என்ன, சூப் வைக்கப் போறியோ?" என்று கேட்டார். பிறகு பம்ப் பூட்டி அரைநாள் காற்றை உறிஞ்சி எடுத்து, சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்து, கேஸ் அடித்தேன். எஞ்சினை இயக்கி, காற்று வரும் வாயில் வெப்பமானியைச் செருகினேன். பதினேழு பாகை. அதற்குக் கீழே இறங்க மாட்டேனென்று முள் நின்றது. துரி உதட்டைப் பிதுக்கினார். அந்தக் கிழமை முழுதும் அதே வேலைதான். கழற்றினேன், பூட்டினேன், திரும்பக் கழற்றினேன். திருவிழாவுக்கு வீதிகளில் விளக்கு கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு விளக்கையும் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ஒரு வெள்ளை ஜீப்தான் என்னைக் காப்பாற்றியது. மன்னாரில் எங்கள் கராஜுக்கு வந்த ஜீப். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று அதில் வெள்ளாங்குளம் வரை போய், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிக் கூலிவேலை செய்துகொண்டிருந்த சனத்துக்கு மருந்து கொடுத்து வரும். அதிலும் இதே கதைதான். கேஸ் சரி, கொம்பிரசர் சரி, குளிர் மட்டும் வராது. மூன்றாம் நாள்தான் பிடித்தேன். குளிர் தேசத்துக்குச் செய்த வாகனம், உள்ளே சூடாக்குவதற்கு எஞ்சினிலிருந்து ஒரு வெந்நீர்க் குழாய் போகும். அதன் வால்வு தேய்ந்து முழுதாக மூடாது. ஒரு பக்கம் நான் குளிரை அனுப்ப, மறுபக்கம் வெந்நீர் கள்ளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இது நினைவுக்கு வந்ததும் தொத்தோரேயின் காருக்குக் கீழே பூந்து குழாயைத் தொட்டுப் பார்த்தேன். கை வெந்து கொப்பளித்துப்போயிற்று. இரண்டு மரத்துண்டு வைத்துக் குழாயை நெரித்தேன். முள் பத்துக்கு வந்தது. துரி என் தலையைப் பிடித்து நெற்றியில் கொஞ்சினார். புது வால்வு போட்டு, முன்னால் இன்னொரு காற்றாடியும் வைத்து முடிக்க, திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது.

தொத்தோரே வந்தார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் வெப்பமானியோடு இருந்தேன். அன்று சிரோக்கோ. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்தக் காற்று முகத்தில் அடித்தால் அடுப்பங்கரைக்குள் நிற்பதுபோல இருக்கும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கடற்கரை வீதியால் போனோம். பதினொன்று. பத்து. ஒன்பது. தொத்தோரே கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு சிறுபிள்ளைபோலச் சிரித்தார். திரும்பி வரும்போது அவர் நீதிபதி வீட்டு வீதியால் விட்டார். மண்மூட்டை தெரிந்தது. முள் எட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக. ஆனால் என் வலக்கை கைபிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டது. இடக்கை ஏசியை நிறுத்தி, கூரை விளக்கைப் போட்டது. பிறகு இரண்டு கையும் டாஷ்போர்டின்மேல் போய் விரிந்து கிடந்தன. வெக்கை உள்ளே பாய்ந்தது.

மன்னாரில் இடப்பக்கம் இருந்துதான் கண்ணாடியை இறக்குவேன், இங்கே வலப்பக்கம். கைக்கு யாரும் மாற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதன் தொடக்கமும் அந்த ஜீப்தான். குளிர் சரிவந்த அன்று, பரீட்சித்துப் பார்க்க நானும் வெள்ளாங்குளம் போனேன். திரும்பி வரும்போது தள்ளாடி என்கிற இடத்தில் சென்றி, இராணுவச் சோதனைச்சாவடி. எங்கள் வீதிகளில் சென்றி என்றால் முறை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் சனம் பைகளோடு இறங்கி, பிள்ளைகளைக் கையில் பிடித்து, மண்மூட்டை ஓரமாக நடந்து போகவேண்டும். வெறும் பஸ் மறுபக்கம் போய் நிற்கும், அங்கே ஏறவேண்டும். வாகனக்காரர் தூரத்திலேயே கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, கை தெரிய இருக்கவேண்டும். அன்று நான் வெப்பமானியில் கண் வைத்திருந்தேன். எட்டுக்கு வர ஒரு மயிரிழைதான். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, கண்ணாடியைத் திறக்காதேங்கோ, இன்னும் இறங்குது" என்று சாரதிக்குச் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். "ஷட்டர் எக பான்ன!" என்று ஒரு இராணுவக்காரனின் குரல். சிங்களத்தில் கண்ணாடியை இறக்கு என்று அர்த்தம். எனக்கு அது விளங்குவதற்குள் துவக்குப் பிடியால் அடித்துவிட்டான். கண்ணாடி முழுதும் என் மடியில் கொட்டியது. ஜீப்பைப் போகவிட்டு, என்னை மட்டும் மண்மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் இருத்திவிட்டார்கள். மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரை. செய்தி கேட்டு ஜெசிந்தா மன்னார்த் தீவிலிருந்து பாலத்தால் நடந்தே வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். வீதியின் மறுபக்கத்தில், என்னைப் பார்த்தபடி, விடும்வரை நின்றாள். ஒரு தடவையும் அழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றுதான் கேட்டாள்: "குளிர் கடைசியா எத்தினையில வந்து நிண்டது?"

தொத்தோரே காரை ஓரங்கட்டினார். "மூச்சு முட்டுதா?" என்று கேட்டார். என்னுடைய இத்தாலியன் ஸ்பானர் கேட்கவும் பாண் வாங்கவும் போதும், இதற்குப் போதாது. "சீ" என்றேன். ஆம். "நெஞ்சு இறுகுதா? அடிக்கடி வருதா?" "சீ, சீ." விட்டால் போதுமென்று எல்லாவற்றுக்கும் ஆம் சொன்னேன். நல்ல மனிதர், அதனால்தான் காரியம் கெட்டுப்போயிற்று. கராஜுக்கு வந்து இறங்கியதும் துரியைத் தனியாகக் கூப்பிட்டார். கார் அருமையாகக் குளிர்கிறது, ஆனால் இந்தப் பையனுக்குச் சுவாச வருத்தம், கேஸோடு வேலை செய்ய விடவேண்டாம் என்று சொல்லி, காரை நாளைக்கு எடுப்பதாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

துரி என்னிடம் வந்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "நீ முதலே சொல்லியிருக்கவேணும் அந்தோ. வருத்தக்காரனைக் கேஸ் வேலைக்கு வைச்சிருக்கிறன் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு ஒண்டு நடந்தால்?"

"வருத்தம் இல்லை, மாஸ்த்ரு."

"அப்ப ஏன் கண்ணாடியைத் திறந்தனி?"

அதற்குச் சொல் வேண்டும். என்னிடம் இல்லை. மூன்று வருடம் காத்திருந்தது எல்லாம் ஒரே நாளில் கையை விட்டுப் போகிறது. துரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்குள் இருத்தினேன். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். மூலையில் கிடந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே நின்றேன். எப்படித் தொடங்குவதென்று யோசித்தது ஞாபகமில்லை. தடியின் பிடியால் கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன். "ஷட்டர் எக பான்ன!" அந்தக் குரல் என்னுடையது இல்லை. கராஜ் முழுதும் அதிர்ந்தது. துரிக்குச் சிங்களம் தெரியாது, மன்னார் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஆனால் அவருடைய கை உடனே கைபிடியைச் சுற்றியது. கண்ணாடி இறங்கியது. இரண்டு கையையும் எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

தடியைக் கீழே போட்டேன். நான் பயந்த குரலை இவ்வளவு காலமும் எனக்குள்ளேயே வைத்துத் தீனி போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. துரி மெதுவாக இறங்கி, உள்ளே போய், எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு ஒரு திருப்புளியை எடுத்து, என் பக்கத்துக் கதவிலிருந்த கண்ணாடிக் கைபிடியைக் கழற்றித் தன் காற்சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குத் திரும்பப் போ" என்றார்.

அந்த நாளை மட்டும் நாளையாகவே வந்தது. தொத்தோரேக்குத் துரி ஏதோ சொல்லியிருக்கவேண்டும், அவர் எனக்கு நித்திரைக் குளிசையின் பெயர் எழுதிய துண்டு ஒன்றைத் தந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். அதே வீதி, அதே மண்மூட்டை. கை போனது. கைபிடி இருந்த இடத்தில் ஒரு சின்ன இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் அதைப் பிடித்துத் திருகின, அது அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடியை எதிர்பார்த்தேன். எங்களைக் கடந்துபோனது காவல்காரப் பொடியனின் கொட்டாவிதான். கண்ணைத் திறந்தபோது முள் எட்டில் நின்றது. திருவிழாவுக்கு முதல்நாள் துரி கையெழுத்து வைத்தார். கைபிடியைத் திரும்பப் பூட்டும் வேலையை என்னிடமே தந்தார்.

கடதாசிகள் போய்வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. போன கிழமை ஜெசிந்தாவும் அனுஷாவும் வந்து இறங்கினார்கள். துரி தன்னுடைய வானைத் தந்தார். அதற்கும் ஏசி வைத்தது நான்தான். அனுஷாவுக்கு ஐந்து வயது, தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். வானுக்குள் ஜெசிந்தா, "ஐயோ, ஐஸ் கொம்பனிக்குள்ள இருக்கிறமாதிரிக் கிடக்கு" என்று சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடிகளைச் சாத்திக்கொண்டே நீதிபதி வீட்டு வீதிக்குள் திரும்பினேன். ஒரு வருடப் பழக்கம், என் கை ஸ்ரியறிங்கிலேயே இருந்தது. மண்மூட்டைக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு விளக்கு. வான் நின்றது.

நின்றதும் ஜெசிந்தா தோளில் பையைக் கொளுவினாள், அனுஷாவின் கையைப் பிடித்தாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மண்மூட்டை இருக்கிறது, துவக்கோடு ஆட்கள் நிற்கிறார்கள், வாகனம் நின்றுவிட்டது. இருவரும் ஓரமாக, அவசரமில்லாமல், நேரே பார்த்தபடி நடந்தார்கள். அனுஷாவின் மற்றக் கை தன்னுடைய சின்னப் பையைத் திறந்து காட்டத் தயாராகப் பிடித்திருந்தது. காவல்காரப் பொடியன் அவளைப் பார்த்து "சாவ்" என்று கையசைத்தான். அவள் பையைத் திறந்து காட்டினாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கூப்பிட நினைத்தேன். நடுவீதியில் எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? என் பக்கக் கண்ணாடியை முழுதாக இறக்கிக்கொண்டு, அவர்களைக் கடந்து மெதுவாக ஓட்டி, மண்மூட்டைக்கு அப்பால் ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே இருந்த குளிரெல்லாம் வீதியில் போயிற்று.

"இவ்வளவு தூரத்திலயோ கொண்டந்து நிப்பாட்டுறது?" என்று ஜெசிந்தா ஏறும்போதே ஏசினாள். அனுஷா தவழ்ந்து ஏறி, ஆசனங்களுக்கு நடுவில் தலையை நீட்டினாள். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா, வீட்டை போக இன்னும் எத்தினை சென்றி இருக்கு?"

இனி ஒரு சென்றியும் இல்லை, மகள் என்றேன். குளிரை முழுதாகத் திருப்பிவிட்டேன். கண்ணாடியை மட்டும் ஏற்றவில்லை.